வெள்ளத்தில் போன நாவல்: மறுபடி எழுத உட்கார்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

உப்புக்காற்று (தூத்துக்குடி), 9 ஜனவரி 2024

வணக்கம். ரெண்டு வருஷமாக இந்த இணைய மன்றத்தில் வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 17 ராத்திரி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று பிறகுதான் செய்தியில் கேட்டோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த அளவு வாசல்படி மட்டும்தான். முதல் படி போச்சு, ரெண்டாம் படி போச்சு, அப்புறம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மாவையும் பிள்ளைகளையும் எதிர்வீட்டு மாடியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது என் மேசை கவிழ்ந்து கிடந்தது.

நான் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருஷமாக டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இதற்கு நடுவில் ஆறு வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். முள்ளக்காடு பக்கம் உப்பளத்தில் முப்பது வருஷமாகக் கூலி வேலை பார்க்கும் என் அத்தையின் கதை. இருபத்துமூன்று அத்தியாயம் முடிந்திருந்தது. அத்தையைப் பேசவிட்டுப் பதிவு செய்தது மட்டும் பதினாலு மணி நேரம் இருக்கும். எல்லாம் லேப்டாப்பில் இருந்தது. ஜாக்கிரதையாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கிலும் நகல் எடுத்து வைத்திருந்தேன். அந்த டிஸ்க் இருந்தது அதே மேசையின் கீழ் டிராயரில்.

தண்ணீர் வடிய ஐந்து நாள் ஆனது. லேப்டாப்பை வெயிலில் காயவைத்து ஒரு தடவை ஆன் செய்தேன். கருகிய வாடை வந்தது, அவ்வளவுதான். டிஸ்க்கை இன்னும் எதிலும் சொருகவில்லை. துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன்.

கேட்க வேண்டியது ரெண்டு. ஒன்று, அதிலிருந்து ஏதாவது மீட்க முடியுமா? ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம். இப்படி மொத்தமாகப் போன பிறகு மறுபடி எழுத உட்கார்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் போதும்.

நொய்யல் (கோயம்புத்தூர்), 9 ஜனவரி 2024

அக்கா, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பதினோரு வருஷமாக டேட்டா மீட்பு வேலைதான் பார்க்கிறேன்.

டிஸ்க்கைச் சொருகாமல் வைத்தது மிகப் பெரிய விஷயம். இனியும் சொருகாதீர்கள். ஹார்டு டிஸ்க் காற்றுப் புகாத பெட்டி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சாதாரண டிஸ்க்குகளில் காற்றழுத்தம் சமப்படுவதற்கு வடிகட்டியோடு ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர் அது வழியாகத்தான் உள்ளே போகும். உள்ளே தட்டு சுழலும்போது அதைப் படிக்கிற முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். தலைமுடி அதைப் போல பல ஆயிரம் மடங்கு தடிமன். உங்கள் ஊர் வெள்ளம் உப்பளத்துத் தண்ணீரும் கலந்தது. காய்ந்தால் தட்டின் மேல் உப்பும் சேறும் படிந்திருக்கும். அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் முனை அந்தப் பொருக்கில் மோதித் தட்டைக் கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்த எழுத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அரிசிக்குள் புதைப்பது, ஹேர் டிரையர், வெயில், எதுவும் வேண்டாம். சரியாகச் சொன்னால் நனைந்த டிஸ்க்கைக் காயவே விடக்கூடாது. ஈரத்தோடு ஜிப் கவரில் போட்டு மூடி, உடனே லேபுக்கு அனுப்ப வேண்டும். இப்போது காய்ந்துவிட்டது, பரவாயில்லை. தூசி இல்லாத அறை வசதி உள்ள இடத்தில் மட்டும் திறக்கச் சொல்லுங்கள். தெருமுனைக் கடையில் ஸ்க்ரூடிரைவரோடு யாராவது கை நீட்டினால் கொடுக்காதீர்கள். எந்த ஊரில் எந்த மாதிரி இடம் என்று தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

முழுசாகக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மேசைவிளக்கு (சென்னை), 10 ஜனவரி 2024

படித்ததும் மனசு கனத்துப்போனது. நீங்கள் ஆறுதல் வேண்டாம் என்றதால் நடந்ததையே சொல்கிறேன்.

1922 டிசம்பரில் எழுத்தாளர் ஹெமிங்வேயின் மனைவி ஹாட்லி, கணவர் அதுவரை எழுதியதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாரிஸ் லியோன் நிலையத்தில் அந்தப் பெட்டி திருடுபோனது. அசலோடு கார்பன் பிரதிகளையும் அதே பெட்டியில்தான் வைத்திருந்தார். நீங்கள் டிராயர் என்று எழுதியதும் எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. நூறு வருஷம் கழித்தும் நாம் அதே மாதிரிதான் இருக்கிறோம்.

அதற்கு முன்னால் 1835-இல் தாமஸ் கார்லைல் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதிய முதல் தொகுதியின் கைப்பிரதியை நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் வாசிக்கக் கொடுத்தார். குப்பைக் காகிதம் என்று நினைத்து வேலைக்காரப் பெண் அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கார்லைல் திரும்ப உட்கார்ந்து எழுதினார். 1837-இல் வெளிவந்தது. அவர் பெயர் இன்றைக்கும் நிற்பதற்கு அந்தப் புத்தகம் பெரிய காரணம்.

போனது நல்லதற்குத்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரெண்டாவது தடவை எழுதும்போது தேவையில்லாதது தானாக உதிர்ந்துவிடும் என்று நான் உண்மையிலேயே நம்புகிறேன்.

ஸ்கார்பரோ மழை (டொராண்டோ), 10 ஜனவரி 2024

மேசைவிளக்கு அண்ணா, உங்களை மதிக்கிறேன். ஆனால் கடைசி வரியை ஏற்க முடியாது.

நான் பாடல் செய்கிறவள். பத்தொன்பது வயதில் சிநேகிதிகளோடு வீட்டு நிலவறையில் ஒலிப்பதிவு செய்த பன்னிரண்டு பாட்டுகளை மைஸ்பேஸ் என்ற இணையதளத்தில் ஏற்றி வைத்தோம். அந்தக் கொம்பியூட்டர் பழுதாகிப் போனபோது கவலைப்படவில்லை, ஆன்லைனில் இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டோம். 2019 மார்ச்சில் வெளியே தெரிந்தது: சர்வர் மாற்றும்போது 2016-க்கு முன் ஏற்றிய பாட்டுகள் எல்லாம் அழிந்துவிட்டன. ஐந்து கோடிப் பாட்டு வரை போயிருக்கும் என்றார்கள். அதில் எங்களுடைய பன்னிரண்டும் இருந்தன.

எங்களில் ஒருத்தி இப்போது உயிரோடு இல்லை. அவளுடைய குரல் அதில்தான் இருந்தது. அதை ரெண்டாவது தடவை எப்படிச் செய்வது? எது உதிர்ந்து எது மிஞ்சும்?

கார்லைல் திரும்ப எழுதினார், சரி. திரும்ப எழுதாமல் விட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்கள் விட்டுவிட்டார்கள். உப்புக்காற்று அக்கா, நான் பாட்டு எழுதுவதை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிறது. நீங்கள் நடந்ததைக் கேட்டீர்கள். எனக்கு நடந்தது இது.

மேசைவிளக்கு, 10 ஜனவரி 2024

நீங்கள் சொல்வது சரி. எழுதியதை நினைவிலிருந்து கொண்டுவரலாம், குரலைக் கொண்டுவர முடியாது. அந்த வரியை நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். உங்கள் தோழிக்கு என் அஞ்சலி.

கல்லடி (மட்டக்களப்பு), 12 ஜனவரி 2024

எனக்கு 2004 டிசம்பர் 26. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து ஐந்நூறு மீற்றர்கூட இல்லை. உயிர் தப்பினோம். கவிதைகள் புளொப்பி டிஸ்கில் இருந்தன, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்திருந்தேன். டின் பிறகு வேலியில் மாட்டியபடி கிடைத்தது. உள்ளே மணல்.

நான் அந்தக் கவிதைகளைத் திரும்ப எழுதவில்லை. முயற்சி செய்தேன், இரண்டு மாதம். நினைவில் வந்த வரிகள் எல்லாம் மற்றவர்கள் பாராட்டிய வரிகளாகவே இருந்தன. எனக்காக எழுதிய வரி ஒன்றும் வரவில்லை. அதைக் கண்டபோது விளங்கிற்று, நான் பாதிக்கு மேல் கைதட்டலுக்குத்தான் எழுதியிருக்கிறேன். பிறகு மூன்று வருடம் ஒன்றும் எழுதவில்லை. முகாமில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில், அவர்கள் பாடுவதற்கு வேண்டும் என்று கேட்டதால் எழுதத் தொடங்கினேன். அது வேறு எழுத்து. முந்தினதை விட நல்லதா என்று நான் யோசித்ததே இல்லை.

தங்கச்சி, ஒரு கேள்வி. நாவலை எந்த எழுத்துருவில் அடித்தீர்கள்? யூனிகோடா, பாமினியா?

உப்புக்காற்று, 2 பிப்ரவரி 2024

எல்லோருக்கும் நன்றி. தினமும் வாசித்தேன், பதில் எழுதக் கை வரவில்லை.

கல்லடி அண்ணா, பாமினிதான். வேர்டு 2003. அச்சகத்தில் எல்லா வேலையும் பாமினியில் பழகியது, கை அதிலேயே ஓடும்.

நொய்யல் தம்பி சொன்ன இடத்துக்கு டிஸ்க்கை அனுப்பியாச்சு. தட்டைச் சுத்தம் செய்து, அதே மாடல் டிஸ்க்கிலிருந்து முனையை எடுத்து மாற்றிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தெட்டாயிரம் ரூபாய். எனக்குப் பெரிய தொகை. வெள்ள நிவாரணத்துக்கு வந்த ஆறாயிரத்தையும் அதில்தான் போட்டேன், வீட்டில் யாருக்கும் தெரியாது.

நடுவில் ஒரு காரியம் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். நாவல் போனதைச் சொல்லத்தான் போனேன், ஆறு வருஷம் பேசினவளிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது அல்லவா. அவள் முற்றத்தில் உட்கார்ந்து காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அளத்திலும் எல்லாம் போச்சு. விற்காமல் குவித்து வைத்திருந்த உப்பு மழையோடு கரைந்து ஓடிவிட்டது, பாத்தி முழுக்கச் சேறு. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "நான் பேசுனதும் போச்சா?"

போச்சு அத்தை என்றேன்.

"சரி, அப்பம் உக்காரு. காப்பி போடுதேன்" என்று எழுந்து உள்ளே போனாள். அப்புறம் ராத்திரி பத்து மணி வரை பேசினாள். என்னிடம் செல்போன் இருந்தது, பதிவு செய்ய மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து விடிய விடிய நோட்டில் எழுதினேன். நாற்பது பக்கம்.

நொய்யல், 2 பிப்ரவரி 2024

அக்கா, அந்த நாற்பது பக்கத்தை இன்றைக்கே போட்டோ எடுத்து ரெண்டு பேருக்கு அனுப்புங்கள். ஒரு ஆள் உங்கள் ஊர்க்காரராக இருக்கக்கூடாது.

உப்புக்காற்று, 21 மார்ச் 2024

லேபிலிருந்து வந்துவிட்டது. தட்டில் ஒரு பக்கம் மோசமாக அரித்துப்போயிருக்கிறது. படிக்க முடிந்ததை மட்டும் எடுத்து வேறொரு டிஸ்க்கில் கொடுத்திருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால் கோப்புகளுக்குப் பெயர் இல்லை. ஃபோல்டரும் இல்லை. முப்பத்தோராயிரம் கோப்பு, எல்லாம் வெறும் எண். பாதிக்கு மேல் திறக்கவே மாட்டேன் என்கிறது. திறந்தால் ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை. ரெண்டு நாளில் இருநூறு கோப்பு பார்த்தேன், கண் போய்விட்டது.

கல்லடி, 21 மார்ச் 2024

ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். இதற்காகத்தான் நான் எழுத்துருவைக் கேட்டேன்.

பாமினியில் அடித்தது கொம்பியூட்டருக்குத் தமிழே இல்லை. அதற்குத் தெரிவது ஆங்கில எழுத்துக்கள்தான், எழுத்துரு அதன்மேல் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுகிறது. 'தமிழ்' என்று நீங்கள் அடித்தது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். இத்தனை காலம் இதைத்தான் நாங்கள் குறை சொன்னோம், இணையத்தில் தேட முடியவில்லை, எழுத்துரு இல்லாவிட்டால் குப்பை மாதிரித் தெரிகிறது என்று. இப்போது அது உதவும். வேர்டு 2003 கோப்பு பழுதாகித் திறக்க மறுத்தாலும் உள்ளே அந்த எழுத்து வரிசை பெரும்பாலும் அப்படியே கிடக்கும். எல்லாக் கோப்புகளுக்குள்ளும் ஒரே தடவையில் எழுத்தைத் தேடித்தரும் மென்பொருட்கள் இருக்கின்றன.

கல்யாணப் பத்திரிகையில் வராத, உங்கள் நாவலில் அடிக்கடி வருகிற சொல் எது?

உப்புக்காற்று, 21 மார்ச் 2024

உப்பு.

கல்லடி, 21 மார்ச் 2024

அப்படியென்றால் சி, ஜி, அரைப்புள்ளி, மறுபடி ஜி. முதல் ஜி சின்ன எழுத்து, கடைசி ஜி பெரிய எழுத்து. கவனம், பாமினியில் சின்ன ஜி 'ப', பெரிய ஜி 'பு'. தேடும்போது சின்ன எழுத்து பெரிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும்படி குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கண்டதும் வரும்.

நொய்யல், 22 மார்ச் 2024

கல்லடி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஒன்று சேர்க்கிறேன். கோப்பாக வந்தவற்றில் மட்டும் தேடாதீர்கள். லேபில் டிஸ்க்கின் முழுப் பிரதியையும் கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கோப்பாக உருப்பெறாமல் துண்டு துண்டாகக் கிடக்கும் பத்திகளும் அதில் இருக்கும். எதைச் செய்தாலும் பிரதியின் பிரதியில் செய்யுங்கள். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை அழையுங்கள், உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே கூட இருந்து செய்துதருகிறேன்.

உப்புக்காற்று, 14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நொய்யல் தம்பி என்னோடு போனில் உட்கார்ந்தார். 'உப்பு' என்று தேடி 118 கோப்பு வந்தது. அதில் பழைய வரைவு, திருத்தம், ஒரே அத்தியாயத்தின் நாலு பிரதி என்று கழித்தால் ஏழு அத்தியாயம் முழுசாக இருக்கிறது. துண்டுகளாக இன்னும் ஒரு முப்பது பக்கம். முதல் கோப்பு திறந்தபோது திரையில் ஆங்கில எழுத்துக் குவியல்தான். பாமினியைத் தேர்ந்தெடுத்ததும் ஒரே நொடியில் அது தமிழாக மாறி அத்தையின் பெயர் வந்து நின்றது. நான் அழுதுவிட்டேன், தம்பி அந்தப் பக்கம் பேசாமல் இருந்தார்.

பதிவுகள் ஒன்றுகூட வரவில்லை. பதினாலு மணி நேரமும் அரித்துப்போன பக்கத்தில் இருந்திருக்கிறது.

யூனிகோடுக்கு, அதாவது கம்ப்யூட்டருக்கும் தமிழாகவே தெரியும் முறைக்கு, மாற்றினேன். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மாற்றித்தரும் மென்பொருளை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய எழுத்துருவில் துணைக்காலும் 'ர'வும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் எதை அடித்தாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். மாற்றிய பிறகு 'கால்' எல்லாம் 'கரல்' என்று நிற்கிறது. 'ஔ' வரும் இடத்தில் கொம்பும் ளகரமும் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொரு வரியாக வாசித்துத் திருத்தினேன். விசைப்பலகை புதிதாகப் பழக வேண்டியதில்லை, என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி முறையையே வைத்துக்கொண்டு யூனிகோடில் அடிக்கலாம்.

இப்போது என் குழப்பம் வேறு. பிப்ரவரியிலிருந்து அத்தை புதிதாகச் சொன்னதை வைத்து நான்கு அத்தியாயம் நோட்டில் எழுதியிருக்கிறேன். பழைய ஏழும் புதிய நாலும் ஒரே நாவல் மாதிரி இல்லை. பழையதைக் காசு கொடுத்து, கண்ணீர் விட்டு மீட்டிருக்கிறேன். அதைத் தூக்கிப் போடவும் மனசு இல்லை.

திரைச்சீலை (ஹைதராபாத்), 15 ஏப்ரல் 2024

அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்தும்.

1998-இல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துகொண்டிருந்தபோது சர்வரில் ஒருவர் தவறான இடத்தில் அழிப்புக் கட்டளையை ஓட்டிவிட்டார். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. படத்தின் கோப்புகளில் பத்தில் ஒன்பது பங்கு போனது. பேக்கப் எடுத்துப் பார்த்தால் அது கொஞ்ச நாளாகவே சரியாக ஓடவில்லை. அப்போது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பிறந்து வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துப் பத்திரமாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அப்படி மீட்ட படத்தைப் பார்த்துவிட்டு, கதை சரியில்லை என்று முடிவு செய்து ஏறக்குறைய முழுவதையும் ஒன்பதே மாதத்தில் மறுபடி செய்தார்கள். 1999 நவம்பரில் வெளிவந்தது அந்தப் புதிய படம். அந்த ஒன்பது மாதம் ஆட்களைப் பிழிந்து எடுத்தது, கை நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் நிறைய. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது ஊக்கக்கதை ஆகிவிடும்.

மீட்டதால் அதை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் மீட்காமல் இருந்திருந்தால் அது சரியில்லை என்பதே தெரிந்திருக்காது. வாழ்நாள் முழுக்க 'போன படம் அற்புதமானது' என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஸ்கார்பரோ மழை, 15 ஏப்ரல் 2024

அக்கா, புதிய நாலும் பழைய ஏழும் எதில் வேறுபடுகின்றன? நல்லது கெட்டதைக் கேட்கவில்லை. என்ன வேறு?

உப்புக்காற்று, 28 ஏப்ரல் 2024

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ரெண்டு வாரம் ஆகியிருக்கிறது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ரெண்டையும் எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன்.

பழைய மூன்றாம் அத்தியாயத்தில் உச்சி வெயில். வெள்ளை உப்பு கண்ணைப் பறிக்க, பெண்கள் வரிசையாக நின்று உப்பு வாருகிறார்கள். போட்டிக்கு அனுப்பலாம் என்று நான் பெருமையாக வைத்திருந்த பகுதி. அத்தை கேட்டுவிட்டு, "ஏட்டி, உச்சியில எவ வாருவா? நாங்க நாலு மணிக்கே டார்ச் லைட்டக் கெட்டிக்கிட்டு எறங்கிருவோம். வெயில் ஏறதுக்குள்ள கரையேறணும்" என்றாள். நான் போட்டோ எடுக்கப் போனது மத்தியானம். அதனால் ஆறு வருஷமாக என் நாவலில் மத்தியானம். பதிவிலும் அவள் இருட்டில் போவதைச் சொல்லித்தான் இருப்பாள், நான் கேட்கவில்லை.

அடுத்தது, தண்ணீர் முழுக்க வற்றி உப்பாவதாக எழுதியிருந்தேன். அதற்குச் சிரித்தாள். கடல் தண்ணீர் பாத்திக்கு வரும்போது மூன்று, மூன்றரை டிகிரி. டிகிரி என்றால் சூடு இல்லை, தண்ணீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்ற கணக்கு. பாத்தி பாத்தியாக வெயிலில் ஏறி இருபத்தைந்துக்கு வந்தால் உப்பு இறங்கும். முப்பதை நெருங்கும்போது மீதித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் கசப்பும் சேர்ந்து படிந்து உப்பு கெட்டுப்போகும். இதைப் பார்ப்பதற்குக் கண்ணாடிக் குழல் ஒன்று உண்டு, அது கணக்கப்பிள்ளை கையில்தான் இருக்கும்.

அப்போதுதான் அவள் ஒன்றைச் சொன்னாள். ஆறு வருஷத்தில் சொல்லாதது. கணக்கப்பிள்ளை குழலைத் தண்ணீரில் விடுவதற்கு முன்னால் இவள் மனசுக்குள் ஒரு டிகிரி சொல்லிக்கொள்வாளாம். வரப்போரம் படிகிற நுரையைப் பார்த்து, மேலே மெல்லிசாக ஏடு கட்டுவதைப் பார்த்து, காலில் தண்ணீர் வழுக்குவதை வைத்து. முப்பது வருஷத்தில் அவள் சொன்னது தப்பினது நாலைந்து தடவை. யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. "அந்தக் கொழல ஒரு நா கையில வாங்கிப் பாக்கணும்னு இருந்துது" என்றாள்.

இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ அப்பம் கையில செல்ல நீட்டிக்கிட்டே இருந்த. கஷ்டத்தச் சொல்லு, கஷ்டத்தச் சொல்லுன்னு கேட்ட. நானும் சொன்னேன்" என்றாள்.

ஸ்கார்பரோ தங்கச்சி, இதுதான் வேறு. பழைய ஏழு அத்தியாயத்திலும் என் அத்தை பாவப்பட்டவள். கால் வெடிப்பு, கண் எரிச்சல், கூலி பாக்கி, எல்லாம் உண்மைதான். ஆனால் அவளுக்குத் தண்ணீரைத் தெரியும் என்பது அதில் ஓரிடத்திலும் இல்லை. நான் அவளைப் பார்த்து இரக்கப்பட்டுக்கொண்டே ஆறு வருஷம் எழுதியிருக்கிறேன். இனி அந்தப் பெண்ணைத்தான் எழுதப் போகிறேன், குழல் இல்லாமல் டிகிரி சொல்கிறவளை.

பழைய ஏழையும் அழிக்க மாட்டேன். தனி ஃபோல்டரில் இருக்கிறது. பேச்சு வழக்குக்கு அதை எடுத்துப் பார்க்கிறேன்.

மேசைவிளக்கு, 28 ஏப்ரல் 2024

ரெண்டு தடவை வாசித்தேன். இந்தப் புத்தகம் வரும் நாளுக்குக் காத்திருக்கிறேன். கூலிப் பாக்கியையும் விட்டுவிடாதீர்கள், அதுவும் வேண்டும்.

ஸ்கார்பரோ மழை, 30 ஏப்ரல் 2024

என் தோழி பாடினது போனது போனதுதான், அதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் நேற்று அவள் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. அவள் சின்ன வயதில் என்ன பாட்டெல்லாம் முணுமுணுப்பாள் என்று கேட்டேன். அன்ரி ஒரு மணித்தியாலம் கதைத்தார். நான் எழுதி வைத்திருக்கிறேன். என்ன செய்வேன் என்று தெரியவில்லை. கிட்டாருக்குப் புதுக் கம்பி வாங்கியிருக்கிறேன்.

நொய்யல், 3 மே 2024

இந்த இழையை நிறையப் பேர் வாசிப்பதால் ஒரு வேலை விஷயம். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்குதான் இன்றைக்கும் சரி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். உப்புக்காற்று அக்காவிடம் இரண்டு பிரதி இருந்தது, வேறு இடம் என்பதுதான் இல்லாமல் போனது.

இன்னொன்று. கூகுள் டிரைவ் மாதிரி இடத்தில் தானாக ஏறுகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது ஒத்திசைவு. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியிலும் கொஞ்ச நாள்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்து வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி என்னிடம் வந்து அழுதவர்கள் ரொம்ப அதிகம்.

உப்புக்காற்று, 19 ஜனவரி 2025

ஒரு வருஷம் ஆகிவிட்டது. இடையில் கேட்டுக் கேட்டு செய்தி அனுப்பியவர்களுக்கு நன்றி.

பதினோரு அத்தியாயம் முடிந்திருக்கிறது. அச்சகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிஷம், ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் அத்தையிடம் வாசிக்கிறேன். இப்போது அவளோடு வேலை பார்க்கும் மூன்று பேரும் வந்து உட்காருகிறார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் வரப்பு உடைந்து தண்ணீர் கலக்கிற இடத்துக்கு அவர்களுக்குள் பெரிய சண்டையே வந்துவிட்டது, எந்தப் பக்கம் முதலில் அணைக்க வேண்டும் என்று. நான் நோட்டை எடுத்து அந்தச் சண்டையை அப்படியே எழுதிக்கொண்டேன். அத்தியாயத்தில் அது இருக்கிறது.

மழை முடிந்து அளத்தில் பாத்தி மிதிக்கிற வேலை தொடங்கியிருக்கிறது. சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, அடித்தளம் இறுகும் வரை வெறுங்காலால் மிதித்துக்கொண்டே போக வேண்டும். பத்துப் பேர் தோளோடு தோள் நின்று, ஒரு பாதம் பதிந்த இடத்திலேயே அடுத்த பாதம். போன வாரம் நானும் இறங்கினேன். அரை மணி நேரத்தில் குதிகால் மரத்துவிட்டது. அத்தை என் பின்னால் வந்து நான் மிதித்த இடத்தை மறுபடி மிதித்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாம் அத்தியாயம் அதுதான், நேற்று முதல் ரெண்டு பக்கம் அடித்தேன்.

நொய்யல் தம்பி, பென்டிரைவ் மதுரையில் தங்கை வீட்டு மூன்றாவது மாடியில் இருக்கிறது. திறந்தும் பார்த்தாச்சு.

கல்லடி அண்ணாவிடம் ஒரு உதவி வேண்டும். துண்டுகளாகக் கிடந்த முப்பது பக்கத்தில் அத்தையின் கல்யாணத்து நாள் பற்றி ஒரு பத்தி பாதியில் நிற்கிறது. அத்தைக்கே அந்தப் பகுதி இப்போது நினைவில்லை. 'அத்தை' என்ற சொல்லுக்குப் பாமினியில் எம், ஜே, அரைப்புள்ளி, ஐ, ஜே என்று போட்டு முழுப் பிரதியிலும் இன்னொரு தடவை தேடிப் பார்க்கிறேன். வேறு எந்தச் சொல்லைப் போட்டால் கிடைக்கும் என்று தோன்றினால் சொல்லுங்கள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது அரக்குச் சேலை.